தமிழ் எழுத்துக்கு போர்டர் போட்டா நடுவில கோடு விழுதா?

வெள்ளவத்தையில ஒரு சாப்பாட்டுக் கடைக்கு கண்ணாடி ஸ்ரிக்கர் டிசைன், சிவப்பு எழுத்து, சுத்தி வெள்ளை, அதுக்கும் வெளியில கறுப்பு. இங்க்ஸ்கேப் எண்ட இலவச டிசைன் சொஃப்ட்வெயாரிலதான் செய்தனான். எழுத்து பாமினி எண்ட தமிழ் ஃபொன்ட், அதில கி அடிச்சா க ஒரு துண்டு, மேல கொக்கி இன்னொரு துண்டு, அதால ஸ்ட்ரோக் (எழுத்தின்ர ஓரக்கோடு) போட்டவுடன ரெண்டும் முட்டுற இடத்தில குறுக்க கோடு விழுந்திட்டுது, இதை அப்பிடியே ஸ்ரிக்கர் வெட்டுற கட்டர் மிஷினுக்கு குடுத்தா பிளேடும் அந்தக் கோட்டிலயே வெட்டும், எழுத்து துண்டு துண்டா கழண்டு வரும்.

சரிவந்தது இப்பிடித்தான்: பாத் மெனுவில ஒப்ஜெக்ட் டு பாத் (டெக்ஸ்டை வெறும் வடிவமா மாத்தும்), பிறகு அன்குரூப், எல்லாத்தையும் செலக்ட் பண்ணி யூனியன் குடுத்தா துண்டெல்லாம் ஒண்டாகும். கோடு போச்சு.

போர்டருக்கெண்டு ஸ்ட்ரோக்கை தடிப்பாக்காதீங்கோ, அது பாதி உள்பக்கம் வந்து எழுத்தையே தின்னும். பாத் மெனுவில லிங்க்ட் ஒஃப்செட் (எழுத்தோட வடிவத்திலயே இன்னொரு கொப்பி) குடுத்து அதில வாற சின்னப் பிடியை வெளிய இழுத்தா வெள்ளை, முதல் எழுத்தையே திரும்ப செலக்ட் பண்ணி இன்னொண்டு குடுத்து இன்னும் கொஞ்சம் இழுத்தா கறுப்பு, பேஜ் டவுன் அடிச்சு ரெண்டையும் எழுத்துக்குக் கீழ இறக்கினா சரி.

பாத் ஆக்கினா பிறகு டைப் பண்ணித் திருத்த ஏலாது, அதால டெக்ஸ்டாவே ஒரு கொப்பி ஓரமா வச்சிருங்கோ, கடைக்காரர் எப்பிடியும் கடைசி நேரத்தில 'அன் சன்ஸ்' எண்டு சேர்க்கச் சொல்லுவார்.