மலிவு விலை இரட்டைக் குழல் துப்பாக்கி: வாங்கும்போது நேரும் தவறுகள்

பக்கவாட்டில் இரண்டு குழல் கொண்ட துப்பாக்கியைத் தயாரிப்பது பார்ப்பதற்குத் தோன்றும் அளவு எளிதல்ல. இரண்டு குழல்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதில்லை. நுனியை நோக்கி மெல்ல நெருங்குகின்றன. அந்தச் சாய்வைச் சரியாக வைத்து, நடுவில் இரண்டையும் இணைக்கும் நீண்ட ரிப் பட்டையைப் பற்றவைத்து, இரண்டும் ஒரே இடத்தில் சுடும்படி செய்வதில்தான் பட்டறையின் நேரமும் பணமும் போகின்றன. குறைந்த விலைக்கு விற்பவர் எங்காவது சிக்கனம் பிடித்தே ஆக வேண்டும். மரத்தின் அழகிலும் பூவேலையிலும் பிடித்தால் நமக்கு நஷ்டம் இல்லை. குழல் பொருத்தத்திலும் குழலை மூடிப் பிடிக்கும் பூட்டிலும் பிடித்தால் அந்த விலை வீண். கடையில் பெரும்பாலோர் செய்யும் தவறுகள் எல்லாம், முதல் வகைச் சிக்கனத்தைப் பார்த்து முகம் சுளித்து, இரண்டாவதைப் பார்க்காமல் விடுவதிலிருந்து வருபவை.

எதைத் தொடும் முன்பும் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்துப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். சோதனைக்கான, மருந்து இல்லாத போலித் தோட்டாக்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

பக்கத் தகட்டைப் பார்த்து ஏமாறுவது

இன்றைய மலிவு விலை இரட்டைக் குழல்களில் பெரும்பாலானவை பாக்ஸ்லாக் வகை: தோளில் வைக்கும் மரக்கட்டையும் குழலும் சேரும் ஆக்‌ஷன் என்ற உலோகப் பெட்டிக்குள்ளேயே சுடும் பொறி இருக்கும். 1875-இல் காப்புரிமை பெற்ற ஆன்சன் - டீலி அமைப்பின் வழியில் வந்தவை. அதில் ஒரு குறையும் இல்லை. உறுப்புகள் குறைவு, உறுதி அதிகம். ஆனால் சில தயாரிப்புகளில் பாக்ஸ்லாக்கின் இருபுறமும் வெறும் அலங்காரத் தகடு பதித்து, பொறியைப் பக்கத் தகட்டின் உள்புறம் பொருத்திய விலையுயர்ந்த சைட்லாக் போலத் தோன்றச் செய்கிறார்கள். தகட்டின் மேல் உள்பகுதிகளைத் தாங்கும் ஊசித் தலைகள் தெரியாவிட்டால் அது பெரும்பாலும் அலங்காரம்தான். அந்தத் தகட்டுக்காகக் கட்டையில் தோண்டிய மரமும் வீண். கட்டை வலுவாக இருக்க வேண்டிய இடத்தில் அது மெலிகிறது. ஒரே விலையில் தகடு உள்ளதும் இல்லாததும் இருந்தால், இல்லாததை எடுப்பதே என் பரிந்துரை.

வண்ணக்கலவை மின்னும் ஆக்‌ஷன் பகுதிக்கும் இதே கதைதான். எலும்புக்கரியில் சுட்டுக் கடினப்படுத்திய நிறமும் இரசாயனத்தால் ஏற்றிய நிறமும் புதிதில் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். நிறத்தை வைத்து உறுதியை எடை போடாதீர்கள். பூவேலையைவிடத் திருகாணிகளைப் பாருங்கள். தலையில் உள்ள பிளவு கூர்மையாக, சிதையாமல் இருக்கிறதா? எல்லாப் பிளவுகளும் குழலின் போக்கிலேயே நிற்கின்றனவா? அப்படி நின்றால் கடைசிக் கட்டத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். பழைய துப்பாக்கியில் பிளவு நசுங்கியிருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள். எதற்காகத் திறந்தார்கள் என்று கேளுங்கள்.

முன்கட்டையை மாட்டியபடியே இறுக்கம் சோதிப்பது

மூடிய துப்பாக்கியை ஆட்டிப் பார்த்து, ‘ஆடவில்லை, இறுக்கமாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையின் வில் குழலைக் கீல் மீது அழுத்திப் பிடிக்கிறது. தேய்ந்த கீலும் அந்த அழுத்தத்தில் புதிது போலத் தெரியும்.

சரியான வழி: முன்கட்டையைக் கழற்றுங்கள். குழலை ஆக்‌ஷனில் மாட்டி மூடுங்கள். கட்டையை அக்குளில் இடுக்கி, குழலைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். லேசான ‘டக்’ சத்தமோ அசைவோ தெரிந்தால் கீலோ பூட்டோ தளர்ந்திருக்கிறது. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முனைக்கும் ஆக்‌ஷனின் முகத்துக்கும் நடுவே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒளி தெரியும் துப்பாக்கியைச் சரி செய்ய கீல் முள்ளை மாற்றவோ குழலின் அடியில் உள்ள கொக்கியில் உலோகம் சேர்க்கவோ வேண்டும். மலிவான துப்பாக்கிக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

துப்பாக்கியைத் திறக்க மேலே உள்ள லிவரையும் கவனியுங்கள். புதிய துப்பாக்கியை மூடும்போது அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்க வேண்டும். தேயத் தேய நடுவுக்கு நகரும். அது குறை அல்ல, தேய்மானத்துக்காக விட்ட இடம். புதிதிலேயே நடுவில் நிற்பதும், பழையதில் நடுவைத் தாண்டி இடப்புறம் போயிருப்பதும் விலகிப்போக வேண்டிய அறிகுறிகள். புதிதைத் திறக்க முரட்டுத்தனம் தேவைப்படுவதை மட்டும் குறையாக எண்ண வேண்டாம். சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு பெரும்பாலும் இளகிவிடும்.

குழலைத் தட்டிக் கேட்காமல் விடுவது

குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் ரிப் பட்டைகள் முழு நீளமும் ஒட்டியிருக்கின்றன. சத்தம் சட்டென்று அடங்கினால், அல்லது சலசலவென்று அதிர்ந்தால், எங்கோ பற்று விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் ஈரம் நுழைந்தால் உள்ளிருந்து துரு அரிக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது.

பழைய துப்பாக்கிக்குப் புதிதாகக் கறுப்பேற்றியிருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றும் முறை ஈயப் பற்றை அரித்துவிடும். ஈயத்தால் பற்றவைத்த குழல்களுக்குத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய மெதுவான முறைதான் பொருந்தும்.

குழலுக்குள் பார்க்கும்போது பளபளப்பைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள். ஜன்னல் சட்டத்தை நோக்கிப் பிடித்தால் அதன் கோடு உட்சுவரில் நேராக ஓட வேண்டும். கோடு ஓரிடத்தில் வளைந்தால் நசுக்கல். வளையமாக நிழல் விழுந்தால் உப்பல். அடைப்பு இருந்தபோது சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். உப்பிய குழலை வாங்கவே கூடாது.

கைமடிப்பில் அளந்து கட்டையைத் தேர்வது

கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது கடைகளில் வழக்கம். அது முன்கையின் நீளத்தைச் சொல்லுமே தவிர, கழுத்து நீளம், தோள் அகலம், கன்னத்தின் சதை எதையும் சொல்லாது. தயாரிப்பாளர்கள் பொதுவாக முன்விசையிலிருந்து பின்முனை வரை 14¼ முதல் 14½ அங்குலம் வைக்கிறார்கள். அதாவது 362 முதல் 368 மி.மீ. நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ சுலபம். கடினமானது சரிவு. ரிப் பட்டையின் மட்டத்திலிருந்து கன்னம் படும் விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே அது. 38 மி.மீ. என்பது பொதுவான அளவு.

கண்ணை மூடிக்கொண்டு, தலையை நிமிர்த்தியபடியே துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கட்டை கன்னத்தில் அமர்ந்த பிறகு கண்ணைத் திறங்கள். ரிப் பட்டை கொஞ்சம் தெரிந்து, குழல் நுனியில் உள்ள சிறு குறிமணி அதன் நடுவில் நின்றால் நன்று. ஆக்‌ஷனின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் விளிம்பு தாழ்வு. பட்டை முழுதும் மேடு போலத் தெரிந்தால் உயர்வு. தலையைச் சரித்துச் சரி செய்துகொள்வதுதான் இங்கே தவறு. களத்தில் பறவை எழும்போது அப்படிச் சரிக்க நேரம் இருக்காது.

இதைவிடத் துல்லியமான சோதனை காகிதத்தில். 16 கஜத்தில் பெரிய காகிதம் வைத்து, நடுவில் ஒரு புள்ளியிட்டு, குறி பார்க்காமல் வேகமாகத் தோளுக்கு ஏற்றி, ஒரே இடத்தில் 5 முறை சுடுங்கள். கண்ணிலிருந்து குழல் நுனி வரை ஏறக்குறைய 1 கஜம். ஆகவே காகிதத்தில் ரவைகளின் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளின்) மையம் 1 அங்குலம் விலகினால் கட்டையில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும். கீழே பட்டால் விளிம்பை உயர்த்துங்கள், மேலே பட்டால் தாழ்த்துங்கள். வலக்கையர் சுட்டு இடப்புறம் பட்டால் கட்டையை வலப்பக்கம் இன்னும் விலக்க வேண்டும். 2 அங்குலம் என்றால் 3 மி.மீ. மரவேலை, தாராளமாக வாங்கலாம். 8 அங்குலம் என்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானதல்ல.

மரத்தைப் பார்க்கையில் கோலத்தைவிட இழை முக்கியம். பிடியின் மெல்லிய பகுதியில் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும். ஆக்‌ஷனின் பின்னால் உலோகமும் மரமும் சேருமிடத்தில் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். மரம் உலோகத்தைவிடச் சிறிது மேடாக இருப்பது பரவாயில்லை, தாழ்ந்திருந்தால் அளவுக்கு மீறி இழைத்திருக்கிறார்கள். பழையதில் அந்த இடம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால் மரம் மிருதுவாகியிருக்கும், பின்னுதைப்பைத் தாங்காது.

விசையை ஒருமுறை இழுத்து முடித்துக்கொள்வது

இரட்டை விசை எளிமையானது, பழுது குறைவு. மலிவு விலையில் அதுவே மேல். முன்விசை 1.6 முதல் 1.8 கிலோ இழுப்பில் விடுபட்டால் நன்று. பின்விசை சற்றுக் கனமாக இருக்கலாம். ஒற்றை விசையில் வேறொரு குழப்பம் உண்டு. சில வகைகளில் முதல் சூட்டின் பின்னுதைப்புதான் இரண்டாவது குழலுக்கு விசையை மாற்றும். போலித் தோட்டாவில் உதைப்பு இல்லாததால் இரண்டாவது இழுப்பு வேலை செய்யாது. அதைப் பழுது என்று எண்ணாமல், கட்டையின் பின்முனையை உள்ளங்கையால் தட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.

விசையைத் தடுக்கும் சேஃப்டியைச் சோதிக்கும் முறையும் பலருக்குத் தெரிவதில்லை. சேஃப்டி போட்ட நிலையில் விசையை அழுத்தி இழுங்கள். கையை எடுத்துவிட்டு, பிறகு சேஃப்டியை விலக்குங்கள். அப்போது சுத்தி விழுந்தால் துப்பாக்கி ஆபத்தானது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் இருந்தால் ஒரு குழலை மட்டும் இயக்கித் திறங்கள்; அந்தப் பக்கத் தோட்டா மட்டுமே துள்ளி விழ வேண்டும்.

அறை நீளமும் சோக்கும்

70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போகும். ஏனென்றால் அந்த எண் சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஆகவே ‘உள்ளே போகிறது’ என்பதை நம்பாமல், குழலின் அடித்தட்டையில் பொறித்த எண்ணைப் படியுங்கள். பழையதென்றால் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எஃகு ரவை சுட நினைப்பவர்கள் அதே இடத்தில் லில்லிப்பூ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உயர் அழுத்த எஃகுத் தோட்டாவுக்குச் சோதிக்கப்பட்ட குழலில் ஐரோப்பியச் சோதனைச் சாலைகள் இடும் குறி அது. சோக் என்பது குழல் நுனியில் உள்ள குறுகல். மாற்ற முடியாத, மிகக் குறுகிய ஃபுல் சோக்கில் எஃகு ரவை சுட்டால் நுனி உப்பக்கூடும்.

கடைசியாக, முடிந்தால் 40 கஜத்தில் தாங்கி வைத்து ஒவ்வொரு குழலையும் ஒரே புள்ளிக்குச் சுடுங்கள். ரவை விழுந்த இரண்டு வட்டங்களும் பெருமளவு ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். ஒன்று ஓர் அடி விலகினால் குழல்களைச் சேர்த்ததிலேயே பிழை. அதைக் கட்டையில் சரி செய்ய முடியாது. 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக்கில் சுமார் 70, அதைவிடக் குறைவாகக் குறுகிய மாடிஃபைடில் 60 விழுக்காடு ரவை விழுவது பழைய கணக்கு. சுட்டுப் பார்க்க விடாத விற்பனையாளரிடம், குறை இருந்தால் திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் கேளுங்கள். வாங்கும் நாளிலேயே தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஒரு ஜோடி அடிமுள்ளையும் அவற்றின் வில்லையும் சேர்த்து வாங்கி வையுங்கள். இறக்குமதியாளர் மாறினால் முதலில் கிடைக்காமல் போவது அவைதான்.