ஸ்டேட்டஸ் பாரில் வொர்க்ஸ்பேஸ் வரிசை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை சரவணம்பட்டியில் எங்களுடையது சின்ன மென்பொருள் ஆபீஸ். ஜூன் பிறந்தால் காலேஜ் முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து சேர்வார்கள். சேர்ந்த வாரமே யாராவது ஒருவர் லேப்டாப்பில் ஸ்வே (லினக்ஸில் விண்டோக்களை அடுக்கும் விண்டோ மேனேஜர்) போட்டு, மேலே வேபார் என்ற ஸ்டேட்டஸ் பாரை வைத்து, எவரோ எழுதிய கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) அப்படியே இறக்கி அழகு பார்த்துக்கொண்டிருப்பார். நல்லதுதான், நானும் அதையேதான் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் பாரில் வொர்க்ஸ்பேஸ் பட்டன்களை (விண்டோக்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகளுக்கு மாற்றும் பட்டன்களை) வரிசைப்படுத்துவதில் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கூத்தையே இவர்களும் செய்கிறார்கள். கமா விட்டுப்போனது, அடைப்புக்குறி மூடாதது எல்லாம் இங்கே வேண்டாம், எரர் செய்தியே சொல்லிவிடும். எரர் எதுவும் காட்டாமல் ஆளைக் கவிழ்ப்பவை வேறு.

எண் இல்லாத பெயர்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

2009-இல் வந்த ஐ3 என்ற விண்டோ மேனேஜரின் கான்ஃபிக் முறையைத்தான் ஸ்வேயும் பின்பற்றுகிறது. இரண்டிலும் விதி ஒன்றே. பெயர் எண்ணில் தொடங்கினால் அந்த எண்ணின்படி பட்டன் நிற்கும். எண் இல்லாத பெயர்கள் எல்லா எண்களுக்கும் பின்னால் போகும், அவற்றுக்குள் முதலில் திறந்தது முன்னால். கூடவே இன்னொன்று: காலியாகிவிட்ட வொர்க்ஸ்பேஸை விட்டு வெளியே வந்தால் அது மறைந்துவிடும். எண் இல்லாத பெயர் என்றால், மறுபடி திறக்கும்போது கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, 'கோடு', 'டெஸ்ட்', 'லைவ்' என்று வெறும் பெயராக வைத்தால், காலையில் இரண்டாவதாக நின்ற டெஸ்ட், அதிலிருந்த டெர்மினலை (கட்டளை தட்டும் விண்டோவை) மூடி, வேறு வொர்க்ஸ்பேஸுக்குப் போய்விட்டு மறுபடி திறந்த பிறகு மூன்றாவதாகிவிடும். இரண்டாவது இடத்தில் இப்போது லைவ், அதாவது வாடிக்கையாளர் நிஜமாகப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் திறந்திருக்கும் இடம். கை மட்டும் பழக்கத்தில் அதே இடத்துக்குப் போகும்.

போன வருடம் இதுதான் நடந்தது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு லாட் கணக்கு பார்க்க மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். டெஸ்ட் டேட்டாபேஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றும்படி ஒரு பையனிடம் சொல்லியிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தான், இரண்டாவது பட்டனை அமுக்கினான், துடைக்கிற கட்டளையைத் தட்டினான். இரண்டு டெர்மினலும் ஒரே கறுப்பு, வித்தியாசமே தெரியாது. கொஞ்ச நேரத்தில் பட்டறையிலிருந்து போன்: "ஏனுங், லாட் நம்பர் போட்டா ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்களே?"

முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அன்று காலை ஏறிய லாட்டுகள் அதில் இல்லை. பட்டறை சூப்பர்வைசர் ஜாப் கார்டுகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, பார்ட்டி பெயர், நிறம், கிலோ என்று இருட்டும் வரை உட்கார்ந்து தட்டினோம். அந்த மாதம் அவர்களுக்குப் பில் அனுப்பவே கூச்சமாக இருந்தது. "ரெண்டாவது பட்டன்தானுங்கண்ணா டெஸ்ட்டு" என்று பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். காலையில் அது உண்மைதான்.

சரி, என்ன செய்வது? '1:கோடு', '2:டெஸ்ட்', '9:லைவ்' என்று எண்ணோடு பெயர் வையுங்கள். லைவ் மற்றவற்றோடு ஒட்டாமல் தள்ளியே இருக்கட்டும்.

பாதிப் பேர் இத்தோடு எழுந்துவிடுகிறார்கள். கான்ஃபிக்கில் கீபோர்டு ஷார்ட்கட் வரியில் 'வொர்க்ஸ்பேஸ் 2' என்று பழையபடியே கிடக்கும். அந்தக் கட்டளை '2' என்ற பெயரை எழுத்து மாறாமல் தேடும். '2:டெஸ்ட்' அதற்கு வேறு ஆள், அதனால் பக்கத்திலேயே காலியாக ஒரு '2' திறந்துகொள்ளும். 'வொர்க்ஸ்பேஸ் நம்பர் 2:டெஸ்ட்' என்று எழுதுங்கள். 2-இல் தொடங்கும் வொர்க்ஸ்பேஸ் இருந்தால் அங்கே போகும், இல்லையென்றால் இந்தப் பெயரிலேயே திறக்கும். விண்டோவை வேறு வொர்க்ஸ்பேஸுக்கு அனுப்பும் 'மூவ்' வரியிலும் அந்த 'நம்பர்' வேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

கான்ஃபிக்கை மாற்றி ரீலோட் கொடுத்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் வொர்க்ஸ்பேஸ் பழைய பெயரோடுதான் இருக்கும். 'ரீநேம் வொர்க்ஸ்பேஸ்' கொடுங்கள், இல்லாவிட்டால் லாக்அவுட் செய்து வாருங்கள்.

வேபாரில் 'பெர்சிஸ்டென்ட் வொர்க்ஸ்பேசஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் எழுதிவைத்த பட்டன்கள் வொர்க்ஸ்பேஸ் காலியானாலும் பாரிலேயே இருக்கும். காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் கிளம்பிப் போய்விட்டாலும் அது நிற்கிற இடம் மாறுவதில்லை அல்லவா, அப்படி.

டச்பேட் ஸ்க்ரோல்

பார் மேல் ஸ்க்ரோல் செய்தால் வேபார் வொர்க்ஸ்பேஸை மாற்றும். மவுஸில் பரவாயில்லை. டச்பேடில் விரல் லேசாக வழுக்கினாலும் நாலு தாண்டிப் போய் நிற்கும், அதுவும் பார்ட்டியோடு வீடியோ காலில் ஸ்க்ரீன் ஷேர் ஓடிக்கொண்டிருக்கும்போது. 'டிஸேபிள் ஸ்க்ரோல்' என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள். ஸ்க்ரோல் இல்லாமல் முடியாது என்பவர்கள் 'ஸ்மூத் ஸ்க்ரோலிங் த்ரெஷோல்டு' அளவைக் கூட்டிப் பாருங்கள்.

வெறும் ஐகான்

வேண்டாம். பட்டனில் ஐகானோடு எண்ணும் கூடவே தெரியட்டும்.

பெயர்வாரியாக அடுக்குவது

1, 10, 2 என்று வரும். ஹைப்பர்லேண்டோடு (ஸ்வே போல இன்னொரு விண்டோ மேனேஜர்) வேபார் ஓட்டுபவர்கள் 'சார்ட் பை' இடத்தில் 'நேம்' என்பதை எடுத்துவிட்டு 'நம்பர்' போடுங்கள்.

இரண்டு மானிட்டர்

'ஆல் அவுட்புட்ஸ்' ட்ரூ ஆக இருந்தால் எல்லாப் பட்டன்களும் இரண்டு பாரிலும் தெரியும். இந்தத் திரையில் அமுக்குவீர்கள், அந்தத் திரையில் திறக்கும். என் வோட்டு ஃபால்ஸுக்குத்தான். அப்புறம் எந்த எண் எந்தத் திரையில் என்பதை 'வொர்க்ஸ்பேஸ் … அவுட்புட்' வரியில் எழுதிவிடுங்கள். ஸ்வேயில் அங்கே முழுப் பெயரையும் '9:லைவ்' என்றே கொடுப்பது நல்லது. மீட்டிங்குக்குக் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது, அந்த மானிட்டரில் இருந்தவை எல்லாம் லேப்டாப் திரைக்கு வந்து சேரும். எண் வைத்திருந்தால் அங்கேயும் 1, 2, 9 என்றே நிற்கும்.