ஸ்கீ வாங்கும்போது பெயரை விடுங்கள், பக்கவாட்டைப் பாருங்கள்

கடையில் வரிசையாக நிற்கும் பனிச்சறுக்குப் பலகைகளில் பளிச்சென்று தெரிவது படமும் பெயரும்தான். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அட்டோமிக், சாலமன் என்ற இரண்டு ஸ்கீ பிராண்டுகளுக்கும் தாய் நிறுவனம் ஒன்றே. ஆஸ்திரியாவின் ஆல்டென்மார்க்ட் தொழிற்சாலையில் இரண்டு பெயரிலும் பலகைகள் தயாராகின்றன.

உண்மையான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பலகையைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரம், அதற்கு மேலும் கீழும் மெல்லிய உலோகத் தகடு என்றால் கனமாக இருக்கும், ஆனால் இறுகிய பனியில் வேகமாகப் போனாலும் அதிராது. சுவிட்சர்லாந்தின் ஸ்டாக்லி பெயர் வாங்கியது இதில்தான். தகடு இல்லாதது லேசானது, புதிதாகப் பழகுபவர் சொன்னபடி கேட்கும். ஸ்லோவேனியாவின் எலான் வேறு ரகம்: ஆம்ஃபிபியோ வகையில் இடது, வலது காலுக்குத் தனித்தனிப் பலகை. மாற்றி மாட்டிவிடாதீர்கள்!

அப்புறம், பலகையிலேயே 121-68-102 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். முனை, இடுப்பு, வால் அகலங்கள், மில்லிமீட்டரில். பனியை இயந்திரத்தால் சமன் செய்த சரிவில் மட்டும் சறுக்குபவருக்கு நடு எண் 80-க்குள் இருந்தால் நல்லது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இது ரொம்ப மாறும்.