ஆட்டம் பார்க்கப் போன ஊரில் நாளைத் தொலைக்கும் தவறுகள்

டிக்கெட் கையில் வந்ததும் விமானமோ ரயிலோ பதிவு செய்துவிட்டு, அறையும் எடுத்துவிட்டு, கடைசியாக அந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவார்கள். மூன்று நாள் பயணத்துக்குப் பத்து இடங்கள் சேர்ந்துவிடும். ஊருக்குப் போனபின் அதில் மூன்றைப் பார்ப்பதே பெரிய பாடாகிவிடும். ஆட்ட நாளையும் சாதாரண சுற்றுலா நாளாக எண்ணிக் கணக்குப் போடுவதுதான் காரணம். நடு நாளில் நகர முடியாத ஒரு பாறையைப் போல ஆட்டம் உட்கார்ந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும்.

ஆட்டத்தின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுப்பது

கால்பந்து 90 நிமிடம். இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வெற்றி தோல்வி கட்டாயம் தெரிய வேண்டிய நாக்அவுட் ஆட்டமாக இருந்தால் 30 நிமிட கூடுதல் ஆட்டம், பெனால்ட்டி என்று இன்னும் முக்கால் மணி போகலாம். டி20 மூன்றரை முதல் நான்கு மணி நேரம். டெஸ்ட் போட்டியின் ஒரு நாளில் ஆட்டம் ஆறு மணி நேரம். மதிய உணவுக்கும் தேநீருக்கும் இன்னொரு மணி. ஓவர் பாக்கி இருந்தால் அதற்கு மேல் அரை மணி. அமெரிக்கக் கால்பந்தில் கடிகாரம் ஓடுவது 60 நிமிடம்தான், ஆனால் இருக்கையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டியிருக்கும்.

டென்னிஸுக்கு எந்தக் கணக்கும் நிற்காது. 2023 ஆஸ்திரேலிய ஓபனில் ஆண்டி மர்ரி ஆடிய இரண்டாம் சுற்று ஆட்டம் விடியற்காலை நான்கு மணிக்கு மேல்தான் முடிந்தது. விம்பிள்டனில் இரவு 11 மணிக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்; பாக்கி அடுத்த நாள் நடக்கும். யார் எந்த மைதானத்தில் எப்போது ஆடுகிறார்கள் என்பதே முந்தைய நாள் மாலைதான் தெரியவரும். டென்னிஸ் டிக்கெட் இருக்கும் நாளில் வேறு எதற்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யாதீர்கள்.

இந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் சேர்க்க வேண்டியதைத்தான் பலர் மறக்கிறார்கள். அறையிலிருந்து கிளம்பி, ரயில் ஏறி, நிலையத்திலிருந்து நடந்து, சோதனை வரிசையில் நின்று, வாயில் எண்ணைத் தேடி, இருக்கையில் உட்கார இரண்டு மணி நேரம் வேண்டும். முடிந்தபின் வெளியே வந்து அறை சேர ஒன்றரை மணி. ஆக, இரண்டு மணி நேரக் கால்பந்து ஆட்டம் உங்கள் நாளில் ஐந்தரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் பிற்பகல் ஐந்து மணியோடு ஊர் சுற்றல் முடிந்தது. அதுவும் அறைக்குத் திரும்பிப் பையை வைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தைச் சேர்க்காமல்.

மைதானம் ஊருக்குள் இருக்கும் என்று நம்புவது

அணியின் பெயரில் ஊர் இருப்பதால் மைதானமும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. நியூயார்க்கின் பெயரைத் தாங்கிய அமெரிக்கக் கால்பந்து அணிகளான ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் இரண்டும் ஆடும் மெட்லைஃப் மைதானம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் ஆடும் லீவைஸ் மைதானம் இருப்பது சான்டா கிளாராவில். நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். பாரிஸின் ஸ்டாட் து பிரான்ஸ், நகர எல்லைக்கு வடக்கே சான் தெனியில்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போகிறார்கள்: மைதானத்துக்கு அடுத்த தெருவிலேயே அறை எடுப்பது. ஆட்டம் இல்லாத நாளில் பல மைதானங்களைச் சுற்றி வண்டி நிறுத்துமிடமும் நெடுஞ்சாலையும்தான் இருக்கும். மிச்ச இரண்டு நாளும் ஊருக்குள் போய்வரும் பயணத்திலேயே கரைந்துவிடும். மைதானத்துக்குப் போகும் அதே ரயில் தடத்தில், ஊரின் நடுப்பகுதிக்குப் பக்கமாக, வண்டி மாறாமல் போய்வரக்கூடிய நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில் அறை எடுப்பதே சரி. நள்ளிரவில், களைத்துப்போய், ஆயிரக்கணக்கானவர்களோடு முண்டியடித்து இன்னொரு ரயில் மாறுவது எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி ரயில் நேரத்தை அறை எடுக்கும் முன்பே பாருங்கள். லண்டனில் இரவு முழுக்க ஓடும் சுரங்க ரயில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்தான், அதுவும் ஐந்து தடங்களில் மட்டும். வெம்ப்ளி மைதானத்துக்குப் போக இறங்கும் வெம்ப்ளி பார்க் நிலையத்தைத் தொடும் ஜூபிலி தடம் அதில் ஒன்று. அதே நிலையத்துக்கு வரும் மெட்ரோபொலிட்டன் தடம் அதில் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சரியாக வந்த திட்டம் புதன்கிழமை ஆட்டத்துக்கு உதவாது.

அட்டவணையைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வது

ஐரோப்பிய கால்பந்து லீக்குகளில் சனிக்கிழமை என்று அறிவித்த ஆட்டம் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறுவது சாதாரணம். திரும்ப மாற்ற முடியாத விமான டிக்கெட்டை முதல் அட்டவணை வந்த அன்றே எடுத்தவர்கள், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் விமான நிலையத்தில் நிற்பார்கள். நாளும் நேரமும் உறுதியாகும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பிடித்து வையுங்கள். அவசரமாகப் பயண டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், குறித்த நாளுக்கு முன் ஒரு நாளும் பின் இரண்டு நாளும் ஊரில் இருக்கும்படி எடுங்கள்.

டெஸ்ட் போட்டியில் இது தலைகீழ். நான்காம், ஐந்தாம் நாள் டிக்கெட் வைத்திருப்பவருக்கு மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்துபோகலாம். முன்பதிவு தேவைப்படாத இடங்கள் இரண்டு மூன்றைக் குறித்து வைத்திருந்தால், கையில் விழும் அந்த வெற்று நாள் அறையிலேயே வீணாகாது. மழை நாளுக்கும் அதே பட்டியல் உதவும். கூரை உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகுப் பையோடு காலையிலேயே கிளம்புவது

ஆட்ட நாளின் மிகப் பெரிய தலைவலி இதுதான். காலையில் ஊர் சுற்ற முதுகுப் பை, அதில் தண்ணீர் பாட்டில், குடை, கேமரா, அப்படியே மைதானத்துக்கு. வாயிலில் நிறுத்திவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டங்கள் நடக்கும் மைதானங்களில் பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். 12 × 6 × 12 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அது தவிர 4.5 × 6.5 அங்குலத்துக்குள் ஒரு சிறு கைப்பை கொண்டுபோகலாம். வேறு பல மைதானங்களில் ஏ4 தாள் அளவுதான் எல்லை. நீண்ட குடை, கண்ணாடிப் பாட்டில், கழற்றி மாட்டும் பெரிய லென்ஸ், செல்ஃபி கம்பு ஆகியவற்றுக்குத் தடை இருப்பது வழக்கம். கிரிக்கெட் மைதானங்கள் சிலவற்றில் பவர் பேங்கும் நாணயங்களும்கூட உள்ளே போகாது.

பை வைக்கும் இடம் மைதானத்தில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் முடிந்தபின் அங்கே இன்னொரு வரிசை நிற்கும். அறையை அன்று காலையே காலி செய்கிறீர்களா? பெட்டியை ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்; இரவு எத்தனை மணிவரை திரும்ப எடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நிலையப் பெட்டகங்கள் சில ஊர்களில் இரவு மூடிவிடும்.

டிக்கெட் இப்போது பெரும்பாலும் கைபேசியில்தான். நொடிக்கு நொடி மாறும் பார்கோடு உள்ள டிக்கெட்டுகளுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது செல்லாது. வாயிலுக்கு முன் பல்லாயிரம் பேர் நிற்கும்போது இணையம் திணறும். அறையிலேயே டிக்கெட்டைக் கைபேசியின் வாலட்டில் இறக்கிவிடுங்கள். பகல் முழுக்க வரைபடமும் படமுமாக ஓடிய கைபேசி மாலை ஆறு மணிக்குப் பத்து சதவீதத்தில் இருந்தால் டிக்கெட்டே இல்லாத மாதிரிதான்.

ஆட்ட நாளில் ஊரின் மறுகோடிக்குப் போவது

ஆட்ட நாளில் ஒரே ஓர் இடம். அதுவும் மைதானத்துக்குப் போகும் வழியில். இந்த விதியைப் பிடித்தால் நாள் சுகமாகப் போகும். மெல்போர்னில் ஃபெடரேஷன் சதுக்கத்தில் தொடங்கி, யார்ரா ஆற்றங்கரையில் பிரரங் மார் பூங்கா வழியாக நடந்து, வில்லியம் பராக் பாலம் ஏறினால் எம்சிஜி மைதானத்தின் வாசலுக்கே வந்துவிடலாம். ரயிலைப் பற்றிய கவலையே இல்லை. ஸ்டாட் து பிரான்ஸுக்குப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாக இறங்கினால், பிரெஞ்சு மன்னர்கள் புதைக்கப்பட்ட சான் தெனி பசிலிக்காவைப் பார்த்துவிட்டு நடந்தே மைதானம் சேரலாம். ஈபிள் கோபுரத்துக்கு ஓடி வருகிற கூட்டத்துக்கு அது தெரிவதே இல்லை. மும்பையில் வான்கடேவுக்கு நடை தூரத்தில் மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை. கொல்கத்தாவில் ஈடன் கார்டன்ஸைச் சுற்றி மைதான் புல்வெளி.

மைதானத்தையே சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. வீரர்கள் உடை மாற்றும் அறை, ஆடுகள ஓரம்வரை கூட்டிப் போவார்கள். ஆட்ட நாளில் அதை நடத்துவது அரிது. பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மூடியிருக்கலாம். அடுத்த நாளுக்குப் பதிவு செய்யுங்கள். முந்தின இரவு தொண்டை கிழியக் கத்திய அதே அரங்கை ஆளில்லாமல் பார்ப்பது தனி அனுபவம். எம்சிஜிக்குள் ஆஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனின் லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் ஆஷஸ் கலசம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கலாம்.

வார விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்து திங்கள்கிழமை ஊர் சுற்றுகிறவர்கள்தான் மூடிய கதவின் முன் அதிகம் நிற்பார்கள். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, லூவ்ருக்குச் செவ்வாய். வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது.

ஓடப் போகிறவர்கள் முந்தின நாள் ஊரை நடந்து தீர்ப்பது

பார்க்கப் போகிறவரைவிடப் பங்கேற்கப் போகிறவருக்கு இழப்பு பெரிது. பெரிய மாரத்தான்களில் எண் அட்டையை நேரில் வந்து, அடையாள ஆவணம் காட்டி, பந்தயத்துக்கு முந்தைய நாளுக்குள் வாங்கியாக வேண்டும். கடைசி நாள் மாலை அட்டை கொடுக்கும் அரங்கில் வரிசை நீளம். அதைத் தொட்டு அருங்காட்சியகம், சந்தை என்று சுற்றினால் 15 கிலோமீட்டர் நடந்துவிடுவீர்கள். அடுத்த நாள் 42.195 கிலோமீட்டர் ஓட வேண்டிய கால்கள் அவை. முந்தைய நாள் ஆற்றுப் படகு, திறந்த மாடிப் பேருந்து போன்ற உட்கார்ந்து பார்க்கும் சுற்றுகளோடு நிறுத்துங்கள்.

நேர மண்டலம் மாறிப் போகிறவர்கள், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று உடல் பழகக் கணக்கு வையுங்கள். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்றும் எண்ண வேண்டாம்: நியூயார்க் மாரத்தான் ஸ்டேட்டன் தீவில் தொடங்கி சென்ட்ரல் பூங்காவில் முடிகிறது, பாஸ்டன் ஓட்டம் ஹாப்கின்டன் என்ற வேறு ஊரில் தொடங்குகிறது. அறை முடிவிடத்துக்குப் பக்கம் இருக்கட்டும். காலையில் தொடக்க இடத்துக்கு வண்டி ஏறிவிடலாம். மாலையில் படி இறங்கக்கூட முடியாது.

கடைசி விசிலோடு எல்லாரும் ஓடும் வாசலுக்கு ஓடுவது

90,000 பேர் கொள்ளும் வெம்ப்ளி போன்ற அரங்கில் ஆட்டம் முடிந்த முதல் அரை மணியில் நிலைய வாசலில் நின்றுகொண்டுதான் இருப்பீர்கள். வாடகைக் காரும் அந்த நேரத்தில் பக்கத்தில் வராது. தெருக்களை அடைத்திருப்பார்கள், கட்டணமும் உச்சத்தில் இருக்கும். இருக்கையிலேயே 20 நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அல்லது வேறு நிலையத்துக்கு நடங்கள்: வெம்ப்ளியைச் சுற்றி மூன்று நிலையங்கள் உண்டு, கூட்டத்தில் பெரும்பகுதி வெம்ப்ளி பார்க்கையே குறிவைக்கும். கார் வேண்டுமென்றால் முதலில் ஒரு கிலோமீட்டராவது நடந்து, பிறகு அழையுங்கள்.

குழந்தைகளோடு போனால், உள்ளே நுழையும்போதே ஒரு சந்திப்பு இடத்தைக் கையால் காட்டிச் சொல்லுங்கள். 'வாசலில் நிற்கிறேன்' என்பது உதவாது, வாசல்கள் பல. இன்ன எழுத்துள்ள வாயில், இன்ன சிலை, இன்ன கம்பம் என்று குறிப்பாக இருக்கட்டும். கைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி அவர்கள் சட்டைப் பையில் வையுங்கள். கூட்டம் கலையும் நேரத்தில் அழைப்பு போகாது.