டர்பன் தமிழ் வகுப்புக்கு சகாய் சர்வர கிளவுட்ல ஏத்துறது எப்படி

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், சகாய (பாடம், வீட்டுப்பாடம், மார்க்கெல்லாம் ஆன்லைன்ல நடத்துற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) வீட்டு கம்ப்யூட்டர்ல ஓட்டாதீங்க, லோட் ஷெட்டிங் (முறை வெச்சு கரண்ட் நிறுத்துறது) வந்தா பாடமும் சேர்ந்து அணைஞ்சிரும். அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு 2020-லயே கேப் டவுன் ரீஜன் (டேட்டா சென்டர் இருக்கிற இடம்) வந்தாச்சு, ஆனா அக்கவுண்ட் தொறந்த உடனே அதுல சர்வர் எடுக்க விடாது, செட்டிங்ஸ்ல போய் நாமளே ஆன் பண்ணணும். வில எல்லாம் டாலர் கணக்கு, ரேண்ட் சரிஞ்சா நம்ம தலையிலதான் விடியும்.

மெஷின் எடுக்கும்போது கஞ்சத்தனம் வேணாம். சகாய் ஜாவால எழுதின பெரிய உருப்படி, 1 ஜிபி மெஷின்ல எழும்பவே எழும்பாது. 8 ஜிபி எடுத்து, ஜாவா ஹீப்புக்கு (ஜாவா வேல செய்ய ஒதுக்குற மெமரி) 4 ஜிபி குடுத்து, மிச்சத்த டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லுக்கும் லினக்ஸுக்கும் விடுங்க. ஆசப்பட்டு ஹீப்ப 7-க்கு ஏத்தினா லினக்ஸே ஒருநாள் ஜாவாவ போட்டுத் தள்ளிரும், சகாய ஓட்டுற வெப் சர்வரான டாம்கேட்டோட லாக்ல ஒரு வரி கூட இருக்காது, கெர்னல் லாக்ல பாத்தாதான் தெரியும் யாரு கொன்னதுன்னு.

சகாய் 23-க்கு ஜாவா 11, டாம்கேட் 9. புதுசா இருக்கேன்னு டாம்கேட் 10 போட்டா ஓடாது, அதுல ஜாவா பேக்கேஜ் பேரே மாறிப்போச்சு.

இப்ப முக்கியமான இடம். முதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே டேட்டாபேஸ யூடிஎஃப்8 எம்பி4-ல (தமிழ் எழுத்தெல்லாம் சேவ் ஆகுற எழுத்துமுறை) உருவாக்கிடணும், சகாய் டேட்டாபேஸோட சேர்ற கனெக்ஷன் வரியிலயும் யூடிஎஃப்-8 இருக்கணும். மைஎஸ்க்யூஎல் 8-ல டீஃபால்டே அதுதான், ஆனா பழைய டம்ப் (டேட்டாபேஸ் நகல்) எதையாவது இறக்கினா டேபிள் தமிழ் தாங்காத லத்தீன் 1-ஆ வந்து நிக்கலாம், அப்புறம் பசங்க "வணக்கம்"னு அடிச்சா ஒண்ணு எரர் வரும், இல்லனா வரிசையா கேள்விக்குறிதான், அப்படி சேவ் ஆனத திருப்பி எடுக்கவே முடியாது. சகாயோட ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல ஆட்டோ டிடிஎல் (டேபிள்கள தானே உருவாக்குற செட்டிங்) முதல் தடவ மட்டும் ட்ரூ, டேபிள் எல்லாம் உருவானதும் ஃபால்ஸ் ஆக்கிடுங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு நிமிஷக்கணக்குல ஆகும், தொங்கிட்டுதுன்னு நெனச்சு பாதில நிறுத்தாதீங்க.

டாம்கேட்டுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் (வெளிய இருந்து வர்றத வாங்கி உள்ள அனுப்புற வெப் சர்வர்), அதுக்கு எச்டிடிபிஎஸ் வர லெட்ஸ் என்க்ரிப்ட்டோட இலவச சர்டிஃபிகேட். டீச்சர் பாட்டு ஆடியோ ஏத்தினா 413-ன்னு எரர் வருதா? என்ஜின்எக்ஸ் சும்மா விட்டா 1 எம்பிக்கு மேல வாங்காது, பாடி சைஸ ஏத்துங்க. போர்ட்கள்ல வெளிய எல்லாருக்கும் 80-யும் 443-யும் (வெப்) மட்டும் தொறந்திருக்கட்டும், 22 (நீங்க சர்வருக்குள்ள போறதுக்கு) உங்க ஐபிக்கு மட்டும், 8080-யும் (டாம்கேட்) 3306-யும் (மைஎஸ்க்யூஎல்) கண்டிப்பா மூடியே இருக்கணும். சகாயோட அட்மின் அக்கவுண்ட்டுக்கு ஆரம்பத்துல பாஸ்வேர்டும் அட்மின்தான், லிங்க் யாருக்கும் அனுப்புறதுக்கு முன்னாடி மாத்துங்க. பசங்க பேரு மார்க்கெல்லாம் போப்பியாங்கிற தென்னாப்பிரிக்க தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்றதால பெத்தவங்க சம்மதத்தையும் வாங்கி வெச்சிக்குங்க.

பேக்கப்னு டேட்டாபேஸ் டம்ப்ப மட்டும் எடுத்து வெச்சிட்டு நிம்மதியா தூங்குறவங்க நெறைய பேரு. ஃபைல்கள தனி ஃபோல்டர்ல வெச்சிருந்தா டேட்டாபேஸ்ல அதோட விலாசம் மட்டும்தான் இருக்கும், ரெண்டையும் சேத்தே எடுங்க, வேற மெஷின்ல ஒருதரம் ஏத்தி ஆடியோ பாடுதான்னும் பாத்துருங்க.