ஜெர்மன் சாக்லேட் கேக்: மூன்று அடுக்கும் தேங்காய்-பீக்கன் பூரணமும்

இந்தக் கேக்கில் சொதப்புகிற இடம் பெரும்பாலும் கேக் அல்ல, பூரணம்தான். சூடாக இருக்கும்போது நீர்த்துத் தெரிகிறதே என்று பயந்து கூடுதலாகக் காய்ச்சினால் முட்டை திரிந்துவிடும். ஆறும்வரை பொறுக்காமல் தடவினால் அடுக்குகள் சறுக்கும். அதனால் வேலையைப் பூரணத்தில் தொடங்குங்கள். அது ஆற இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கேக்கைக் கலந்து, சுட்டு, ஆற வைத்துவிடலாம்.

பெயரில் ஜெர்மன் இருந்தாலும் இது அமெரிக்கக் கேக். 1852-இல் சாமுவேல் ஜெர்மன் என்பவர் பேக்கர்ஸ் சாக்லேட் நிறுவனத்துக்காகச் சர்க்கரை கூடுதலாகச் சேர்ந்த ஒரு சமையல் சாக்லேட்டை உருவாக்கினார். அது அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. 1957 ஜூன் 3 அன்று 'டல்லாஸ் மார்னிங் நியூஸ்' நாளிதழில் திருமதி ஜார்ஜ் கிளே அனுப்பிய செய்முறை வெளியானது; அதன் பிறகுதான் கேக் நாடெங்கும் பரவியது. செய்பவருக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: அந்தச் சாக்லேட்டில் கொக்கோ 48 சதவீதம் அளவில்தான். ஆகவே கேக் வெளிர் பழுப்பாக, மிதமான சாக்லேட் சுவையோடுதான் வரும். நிறம் போதவில்லை என்று கொக்கோ பவுடரை அள்ளிப் போட்டால் மாவு வறண்டு, பூரணத்தின் சுவையையும் அமுக்கிவிடும்.

பூரணத்துக்கு வேண்டியவை

முட்டை மஞ்சள் கரு 4
எவாபரேட்டட் பால் 350 மில்லி
சர்க்கரை 300 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம்
வெனிலா எசென்ஸ் ஒன்றரை தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
இனிப்புச் சேர்த்த தேங்காய்ச் சீவல் 200 கிராம்
பீக்கன் (வால்நட் போன்ற ஒரு கொட்டை) 160 கிராம்

எவாபரேட்டட் பால் என்பது ஏறத்தாழ 60 சதவீத நீரை நீக்கிச் சுண்டவைத்த, சர்க்கரை சேர்க்காத பால். கண்டென்ஸ்டு மில்க் வேறு. அதில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான். டின் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் பூரணம் வாயில் வைக்க முடியாத இனிப்பாகிவிடும். எவாபரேட்டட் பால் கிடைக்காவிட்டால் 800 மில்லி கொழுப்பு நீக்காத பாலை அடி கனமான அகலப் பாத்திரத்தில், மெல்லிய தீயில் கிளறியபடியே 350 மில்லியாகச் சுண்டவைத்து, ஆடை போக வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பீக்கனில் எண்ணெய் அதிகம் என்பதால் சீக்கிரம் காறிப்போகும். வாங்கியதும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். கசப்போ பழைய எண்ணெய் வாடையோ இருந்தால் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் அது மறையாது. 175 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 நிமிடம் வறுத்து, ஆறிய பிறகு அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்கும்போது உதிரும் பொடியைச் சல்லடையில் சலித்துவிட்டால் பூரணம் கலங்கலாக இருக்காது. பீக்கனுக்குப் பதில் வால்நட் போடலாம். தோலின் துவர்ப்பு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

தேங்காயில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் ஒரே அளவு பொருந்தாது. மேலே சொன்ன 200 கிராம், ஈரப்பதமும் சர்க்கரையும் உள்ள நீளச் சீவலுக்கானது. சர்க்கரை சேர்க்காத உலர் துருவல் என்றால் 140 கிராம் போதும், ஏனென்றால் அது திரவத்தை நன்றாக உறிஞ்சும். மாவு போல நைசாக அரைத்த வகையைத் தவிர்ப்பது நல்லது. பூரணம் பசை போலாகிவிடும். புதிதாகத் துருவிய தேங்காயில் பாதியளவுக்கு நீர்தான். அதை அப்படியே போட்டால் பூரணம் இறுகாது, சீக்கிரம் கெட்டும் போகும். வெறும் வாணலியில் நிறம் மாறாமல், உதிரி உதிரியாக வரும்வரை வறட்டிவிட்டு, வறட்டிய பிறகு எடை போடுங்கள்.

பூரணம் காய்ச்சுதல்

அடி கனமான பாத்திரத்தில், அடுப்பில் ஏற்றும் முன்பே, மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் விஸ்க்கால் அடித்துக் கலக்குங்கள். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரையுங்கள். வெண்ணெயைத் துண்டுகளாக்கிப் போட்டு மிதமான தீக்கும் குறைவான தீயில் வையுங்கள். சூடான பாலில் முட்டையை ஊற்றுகிற வேலையே இதில் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றாகச் சூடேறுவதால் கட்டி தட்டும் வாய்ப்பு குறைகிறது.

இங்கே மாவோ கார்ன்ஃப்ளாரோ கிடையாது. கெட்டியாக்குவது மஞ்சள் கருவின் புரதம் மட்டுமே. சர்க்கரை அதிகமாக இருப்பதால் அந்தப் புரதம் கொஞ்சம் தாமதமாகத்தான் இறுகும். ஆகவே முதல் ஆறேழு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். தீயைக் கூட்டாதீர்கள். ரப்பர் ஸ்பேச்சுலாவால் அடியையும் மூலைகளையும் வழித்தபடியே கிளறுங்கள். 80 டிகிரியைத் தாண்டியதும் திடீரென்று கனம் கூடும். 84 முதல் 86 டிகிரிக்குள் இறக்கிவிடலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கரண்டியின் பின்புறத்தில் படிந்திருப்பதன் நடுவே விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. மொத்தம் 12 நிமிடம் போல ஆகும், நிறமும் வெளிர் பொன்னாக மாறியிருக்கும். தளதளவென்று கொதிக்க மட்டும் விடாதீர்கள்.

இறக்கியதும் கம்பிச் சல்லடையில் வடிகட்டுங்கள். எவ்வளவு கவனமாகக் கிளறினாலும் வெந்த முட்டைத் துணுக்கு ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். பிறகு வெனிலா, உப்பு, தேங்காய், பீக்கன் ஆகியவற்றைச் சேருங்கள். இந்த நிலையில் பூரணம் வழிந்தோடும். அது சரியான நிலைதான். ஆறும்போது வெண்ணெய் உறையும், தேங்காய் ஈரத்தை இழுக்கும், பூரணம் தானாக இறுகும். அவ்வப்போது கிளறி, அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். அவசரமென்றால் குளிர்ந்த நீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் வைத்துக் கிளறலாம். ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிட்டால் ஓரம் கல்லாகி நடுவில் இளகலாக நிற்கும்.

நன்றாக ஆறிய பிறகும் ஓடுகிறதென்றால் பதம் வருமுன் இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். தேங்காயோடு சேர்த்தே மறுபடி மெல்லிய தீயில் நான்கைந்து நிமிடம் கிளறலாம், கெட்டுப்போகாது. மேலே வெண்ணெய் பிரிந்து மிதந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அடுப்பை விட்டு இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றி விஸ்க்கால் வேகமாக அடித்தால் பெரும்பாலும் கூடிவிடும். தேங்காய் போடுமுன் கவனித்தால்தான் இது எளிது.

கேக்குக்கு வேண்டியவை

48 முதல் 60 சதவீதம் கொக்கோ உள்ள சாக்லேட் 115 கிராம், கொதிநீர் 120 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 400 கிராம், பெரிய முட்டை 4 (வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாக), வெனிலா 1 தேக்கரண்டி, மைதா 250 கிராம், பேக்கிங் சோடா 1 தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, கெட்டியான பட்டர்மில்க் 240 மில்லி. மைதாவில் 30 கிராமைக் குறைத்து அந்த அளவு கார்ன்ஃப்ளார் சேர்த்தால் கேக் இன்னும் மென்மையாக வரும். 70 சதவீதச் சாக்லேட்தான் கையில் இருக்கிறதென்றால் சர்க்கரையை 25 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டர்மில்க் என்று இங்கே சொல்வது புளிக்கவைத்த, கெட்டியான வகை. நீர்மோர் ஊற்றினால் மாவு இளகிவிடும். 180 கிராம் கெட்டித் தயிரில் 60 மில்லி தண்ணீர் விட்டு அடித்தால் அதே பதம் கிடைக்கும். இந்தப் புளிப்பு வெறும் சுவைக்கு அல்ல. சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கிக் கேக்கை எழுப்புவது அதுதான். அதனால் சோடாவுக்குப் பதில் அதே அளவு பேக்கிங் பவுடர் என்று மாற்றாதீர்கள். சோடாவைக் குவித்து அளந்தாலும் சிக்கல்தான், கேக்கில் சோப்பு வாடை வரும். தேக்கரண்டியைக் கத்தியால் வழித்துச் சமமாக்குங்கள்.

23 சென்டிமீட்டர் வட்ட டின் மூன்று வேண்டும். அடியில் பட்டர் பேப்பர் போட்டு, பக்கங்களில் வெண்ணெய் தடவி மைதா தூவுங்கள். ஓவனை 175 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும்.

நறுக்கிய சாக்லேட்டின் மேல் கொதிநீரை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துக் கலக்கி, கை பொறுக்கும் சூட்டைவிடக் கீழே ஆறவிடுங்கள். சூடாகவே சேர்த்தால் வெண்ணெய் உருகி, அடித்து ஏற்றிய காற்றெல்லாம் போய்விடும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவு மென்மையாக இருக்கவேண்டும், பளபளவென்று எண்ணெய் கசியக்கூடாது. அதைச் சர்க்கரையோடு சேர்த்து பீட்டரில் நடுத்தர வேகத்தில் ஐந்து நிமிடம், வெளுத்துப் பஞ்சு போலாகும்வரை அடியுங்கள். மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகப் போட்டு அடித்து, பின் சாக்லேட்டும் வெனிலாவும் சேருங்கள்.

மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலியுங்கள். மைதாவை மூன்று பங்காகவும் பட்டர்மில்க்கை இரண்டு பங்காகவும் பிரித்து, மைதாவில் தொடங்கி மைதாவில் முடியும்படி மாற்றி மாற்றிச் சேருங்கள். பீட்டர் மிகக் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். பட்டர்மில்க்கை ஒரே மூச்சில் ஊற்றினால் வெண்ணெய்க் கலவை பிரிந்து தயிர் திரிந்தது போலாகும். கடைசி மைதா மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை கூடி, வெந்த கேக்கில் நீள நீளத் துளைகள் விழும்.

வெள்ளைக் கருவை எண்ணெய்ப் பிசுக்கில்லாத உலோகக் கிண்ணத்தில் அடியுங்கள். விஸ்க்கைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கவேண்டும். உலர்ந்து திரி திரியாகப் பிரியும்வரை அடித்தால் மாவில் கலக்கவே கலக்காது, வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். முதலில் மூன்றில் ஒரு பங்கைக் கலந்து மாவை இளக்கிக்கொண்டு, மீதியைக் கீழிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிச் சேருங்கள்.

மாவின் மொத்த எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். டின்னுக்கு 510 கிராம் என்று தராசில் வைத்து ஊற்றினால் மூன்று அடுக்கும் ஒரே உயரம். 25 முதல் 30 நிமிடம் வேகும். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வரவேண்டும், ஓரம் டின்னை விட்டு லேசாக விலகியிருக்கவேண்டும். முதல் 20 நிமிடம் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். ஓவனில் இரண்டு டின்தான் கொள்ளுமென்றால் மூன்றாவதை மாவோடு ஃபிரிட்ஜில் வைத்து, இடம் காலியானதும் உடனே உள்ளே வையுங்கள். அது ஒரு விரல் உயரம் குறைவாக எழலாம். அதை அடி அடுக்காக்கிக்கொள்ளலாம்.

இந்த மாவில் சர்க்கரை மைதாவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பதால் மேலே மெல்லிய ஓடு போல வெடிப்பதும் நடுவில் சற்றே தாழ்வதும் இயல்பு. கிண்ணம் போல உள்வாங்கினால்தான் கோளாறு: வேகாமல் எடுத்திருப்பீர்கள், அல்லது சோடா கூடியிருக்கும்.

டின்னிலேயே 10 நிமிடம் விட்டு, ஓரத்தில் கத்தியை ஓட்டிக் கம்பி ரேக்கில் கவிழ்த்துங்கள். முழுதும் ஆறியதும் கிளிங் ஃபிலிமில் சுற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த மென்மையான கேக்கைத் தூக்கும்போது உடையாது.

அடுக்குதல்

மேல் மேடாக இருந்தால் ரம்பப்பல் கத்தியால் சீவிச் சமமாக்குங்கள். பூரணம் மொத்தம் 1200 கிராம் அளவில் வரும், அடுக்குக்கு 400 கிராம். கரண்டியால் நடுவில் வைத்து, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டுப் பரப்புங்கள். மேல் அடுக்கின் பாரம் மீதியைத் தள்ளிவிடும். கடைசி அடுக்கை அடிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்தால் தட்டையான பரப்பு கிடைக்கும். அதன் மேல் மீதிப் பூரணம்.

பக்கங்களில் எதுவும் பூசாமல் அடுக்குகள் தெரியும்படி விடுவதுதான் பழைய வழக்கம். இப்போது பலர் சுற்றிலும் சாக்லேட் பட்டர்கிரீம் பூசுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஏற்கெனவே இனிப்பான கேக்கில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை ஏறுகிறது. பக்கம் மூடியே ஆகவேண்டுமென்றால் 70 சதவீதச் சாக்லேட் 150 கிராமும் கிரீம் 150 மில்லியும் சேர்த்த கனாஷ் பூசுங்கள்; அதன் கசப்பு இதற்குப் பொருந்தும்.

பூரணத்தில் முட்டையும் பாலும் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் நான்கு நாள் தாங்கும். குளிரில் வெண்ணெய் இறுகிக் கேக் கெட்டியாகத் தெரியும். பரிமாற ஒரு மணி நேரம் முன்பு எடுத்து வையுங்கள். பூரணம் தடவாத அடுக்குகளை இறுகச் சுற்றி ஃபிரீசரில் இரண்டு மாதம் வைக்கலாம். பூரணத்துக்காகப் பிரித்த முட்டைகளில் மிஞ்சும் நான்கு வெள்ளைக் கருவையும் அதே ஃபிரீசரில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், உருகிய பிறகு மெரிங் (சர்க்கரை சேர்த்த வெள்ளைக் கரு நுரை) அடிக்கப் பயன்படும்.