இருமினால் சிறுநீர் கசிகிறதா? இடுப்புத் தளத் தசையைக் கண்டுபிடித்து வலுவாக்குவது எப்படி

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நாலு வருஷம் நான் கைப்பையில் மாற்று உள்ளாடை இல்லாமல் எங்கேயும் போனதில்லை. தும்மல் வருகிற மாதிரி இருந்தாலே காலைப் பின்னிக்கொண்டு நிற்பேன். அம்மாவிடம் ஒருநாள் சொன்னபோது, "ரெண்டு புள்ள பெத்தா அப்படித்தான்டி, எனக்கும் உண்டு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இப்படி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லியே நம் வீட்டுப் பெண்கள் வருஷக்கணக்கில் ஈரத்தோடு காலம் தள்ளுகிறார்கள். பலருக்கு வருகிற பிரச்சினைதான், அதற்காகச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சியிலேயே நன்றாகக் குறையும்.

முதலில் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். முன்பக்கம் அடிவயிறு முடிகிற இடத்தில் கை வைத்தால் ஓர் எலும்பு தட்டும். பின்பக்கம் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் வால் எலும்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் தூளி கட்டினாற்போல இருப்பவைதான் இடுப்புத் தளத் தசைகள், டாக்டர்கள் பெல்விக் ஃப்ளோர் என்பார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீர் வழி, பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் இதற்குள் புகுந்துதான் வெளியே வருகின்றன. தூளி தொய்ந்தால் மேலே இருப்பது இறங்கும், வழிகளை இறுக்கிப் பிடிக்கிற பிடியும் தளரும். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி சிறுநீர்ப்பையை நெருக்குகிறது, அந்த நொடியில் பிடி போதவில்லை என்றால் சொட்டிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

சுகப்பிரசவத்தில், அதிலும் குழந்தை பெரிதாக இருந்து ரொம்ப நேரம் முக்க வேண்டியிருந்தால், ஆயுதம் போட்டு எடுத்திருந்தால், இந்தத் தசை அதிகமாக இழுபடும். சிசேரியன் ஆனவர்களுக்கும் வரும், ஏனென்றால் மாசக்கணக்கில் வயிற்றைச் சுமந்ததும் இதே தசைதான். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது, நாள்பட்ட மலச்சிக்கல், விடாத இருமல், உடல் எடை, வருஷக்கணக்கில் கனமான சுமை தூக்குவது எல்லாம் இதில் சேரும்.

அடையாளங்களில் இருமல், தும்மல், சிரிப்பு, குதிப்பு, சிலிண்டரை நகர்த்துவது என்று எதிலாவது சிறுநீர் கசிவதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. காற்று பிரிவதை அடக்க முடியாமல் போவதும் இதுதான், அதை யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் ஆக ஆக அடியில் கனமாக இருக்கிறது, குளிக்கும்போது ஏதோ உருண்டையாகக் கையில் தட்டுகிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் அது 'அடி இறங்குவது', கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிவது. இது இருந்தால் பயிற்சியை நீங்களாக ஆரம்பிக்காமல் ஒருமுறை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கதவைத் திறப்பதற்குள் முட்டிக்கொண்டு வந்து வழியிலேயே போய்விடுவது இன்னொரு வகை. அது சிறுநீர்ப்பையின் அவசரம், அதற்கும் இந்தப் பயிற்சி உதவும், கூடவே வேறு சில பழக்கமும் வேண்டும்.

இனி பயிற்சி. கெகல் பயிற்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948-இல் எழுதி அவர் பெயரிலேயே நிலைத்தது. நானும் வீடியோ பார்த்து எட்டு மாதம் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன், என்னைவிடச் சின்னப் பெண். படுக்கவைத்து அடிவயிற்றில் கையை வைத்து, "இப்ப இறுக்குங்க" என்றார். இறுக்கினேன். இரண்டு நொடி பார்த்துவிட்டு, "அக்கா, மேல இழுக்கச் சொன்னா நீங்க கீழ முக்குறீங்க" என்றார். எட்டு மாதமும் அதைத்தான் செய்திருக்கிறேன், வலுவாக்க வேண்டிய தசையை நானே கீழே தள்ளிக்கொண்டு. இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். அதனால் எத்தனை முறை, எத்தனை நொடி என்பதெல்லாம் பிறகுதான். முதலில் சரியான தசையைப் பிடியுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் காற்று பிரியப் பார்க்கிறது, அடக்குகிறீர்கள், அதே மாதிரி ஆசனவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் சிறுநீர் வழி வரை கொண்டுவந்து, மொத்தத்தையும் உள்ளே, மேலே இழுங்கள். வயிற்றில் ஒரு கை வைத்திருங்கள். வயிறு வெளியே தள்ளினால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். பிட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கிற இடம் உள்ளே இழுபட வேண்டும், வெளியே புடைத்தால் தப்பு. நம் உடம்பை நாமே பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. யோகா பழகியவர்களுக்கு மூலபந்தம் தெரிந்திருந்தால் இது சட்டென்று பிடிபடும்.

சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள். தசை எது என்று தெரிந்துகொள்ள எப்போதாவது ஒருமுறை செய்யலாம், அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டால் சிறுநீர் முழுசாகப் போகாமல் தங்கிவிடும். வேண்டாம்.

தசை பிடிபட்ட பிறகு கணக்கு எளிது. இறுக்கி மேலே இழுத்து, எத்தனை நொடி பிடிக்க முடிகிறதோ அத்தனை நொடி பிடியுங்கள். முதலில் மூன்று நொடிதான் வரும், பரவாயில்லை. பிறகு முழுசாகத் தளர விடுங்கள், பிடித்த அளவுக்காவது ஓய்வு கொடுங்கள். இந்தத் தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. இப்படி எட்டிலிருந்து பத்து முறை. அதன் பிறகு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது ஒரு பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வாரம் போகப் போகப் பிடிக்கும் நேரத்தைப் பத்து நொடி வரை கூட்டிக்கொண்டு, படுத்துச் செய்ததை உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். நான் காலையில் பால் பொங்குகிற வரை அடுப்பருகில் நின்று ஒரு வேளையை முடித்துவிடுவேன்.

குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியாது, அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஏழாவது வாரம் ஜலதோஷம் பிடித்து இரண்டு நாள் விடாமல் தும்மினேன், உள்ளாடை காய்ந்தே இருந்தது. அன்றைக்குக் குளியலறையில் நின்று அழுதுவிட்டேன்.

உள்ளாடை அப்படிக் காய்ந்தே இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தும்மல், இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்னாலும், குடத்தையோ குழந்தையையோ தூக்குவதற்கு முன்னாலும் அந்தத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகுங்கள். பழகிவிட்டால் நினைக்காமலே நடக்கும்.

தினசரிப் பழக்கத்தில் முதலில் மாற்ற வேண்டியது தண்ணீர். வெளியூர் பஸ்ஸில் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம். சிறுநீர் கெட்டியாகி சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், காபியையும் டீயையும் குறையுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கு ஒருமுறை போய்வருவதும் கெடுதல், சிறுநீர்ப்பை கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழகிவிடும். அவசரம் இருக்கிறவர்கள் இடைவெளியைக் கால் மணி கால் மணியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் பாதி குனிந்து அந்தரத்தில் நிற்கிறோமே, அப்படி நின்றால் தசை தளராது, முழுசாகவும் போகாது. மலம் கழிக்கும்போது முக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன மணை போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருங்கள். கீரையும் கொய்யாவும் தினமும் இருக்கட்டும். எடை அதிகம் என்றால் கொஞ்சம் குறைத்தாலே கசிவு குறையும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வறட்டு இருமலைக் கிளப்பும், சில சிறுநீரை அதிகமாக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது. சர்க்கரை கூடியிருந்தாலும் அடிக்கடி போகும்.

ஆண்களுக்கும் இதே தசை உண்டு. ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கசிவது சகஜம், முடிந்தால் அறுவைக்கு முன்பே பயிற்சியை ஆரம்பித்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. எல்லாருக்கும் தசை தளர்ந்துதான் இருக்கும் என்றில்லை. தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் வர ஆரம்பிப்பதற்கே நேரமாவது, அடியில் எப்போதும் ஒரு இறுக்கம், இதெல்லாம் இருந்தால் தசை விடாமல் இறுகிக் கிடக்கலாம். மேலும் இறுக்கினால் வலி கூடும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும், பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல் என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று சிறுநீரே போகாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதம் சரியாகச் செய்தும் குறையவில்லை என்றாலும் வழி இருக்கிறது. அடி இறங்கியவர்களுக்கு உள்ளே வைக்கிற சிலிக்கோன் வளையம் உண்டு, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து "கொஞ்சம் இடுப்பு வலி" என்று சுற்றி வளைக்காமல், "இருமினா ஒண்ணுக்குக் கசியுது, இத்தனை நாளா இருக்கு, ஒரு நாளைக்கு இத்தனை தடவை" என்று நேராகச் சொல்லுங்கள். மூன்று நாளைக்கு எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது, எவ்வளவு குடித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், வாய் வராவிட்டாலும் அந்தத் தாளை நீட்டிவிடலாம்.